இல்லத்துள் இசை புகுந்த வரலாறு: டிக்கோயா மலைகளிலிருந்து ஒரு நோக்கு

இசை மனிதனோடு பிறந்தது. இசையைச் சேமித்து வைக்கும் வித்தையோ நேற்றுப் பிறந்தது. பாடுவோன் வாய் மூடியதும் பாட்டும் மறைந்துவிடும் என்பதே நெடுங்காலமாக உலகம் அறிந்த நியதியாக இருந்தது. 1877ஆம் ஆண்டிலே அமெரிக்கரான தோமஸ் அல்வா எடிசன், உலோகத்தாள் சுற்றிய உருளையொன்றில் மனிதக் குரலைப் பொறித்து, அதனை மீண்டும் ஒலிக்கச் செய்தபோது அந்நியதி முறிந்தது. அன்று தொடங்கிய முயற்சி இன்று இரு பெருங்குறிக்கோள்களை நோக்கிச் சென்றுகொண்டிருக்கின்றது. ஒன்று, மூல ஒலியின் நுண்மை சிறிதும் கெடாமல் மீட்டல்; மற்றொன்று, கேட்போனின் நாற்புறத்திலிருந்தும் ஒலி வந்து அவனைச் சூழச் செய்தல். முன்னதை நுண்துல்லிய ஒலி என்றும் பின்னதைச் சூழொலி என்றும் கூறலாம்.

இவ்வித்தையின் வரலாற்றைப் பெரும்பாலும் இலண்டன், நியூயோர்க், தோக்கியோ ஆகிய நகரங்களின் வரலாறாகவே எழுதுவது வழக்கம். ஆயினும், கேட்கும் செவி இல்லாமல் ஒலிக்கருவிக்கு வரலாறு இல்லை. ஆதலின், அக்கருவிகள் எட்டிய தூரத்தையும் எட்டாத தூரத்தையும் ஒருசேரக் காண்பதற்கு, இலங்கையின் மத்திய மலைநாட்டிலே ஏறத்தாழ 4,000 அடி உயரத்தில் அமைந்த டிக்கோயாவிலிருந்து நோக்குவது பயன் தரும்.

கருவி வருமுன் இருந்த ஒலி

டிக்கோயாப் பள்ளத்தாக்கு 1860களிலே கோப்பிப் பயிர்ச்செய்கைக்காகத் திறக்கப்பட்டது. 1869இல் இலங்கையில் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின், தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. 1884இல் புகைவண்டிப் பாதை ஹட்டனை எட்டியது. கோப்பிக் காலத்திலும் தேயிலைக் காலத்திலும் தமிழகத்தின் மாவட்டங்களிலிருந்து வந்த தொழிலாளர், கையிற் கொண்டுவந்த மூட்டையோடு காதிற் கொண்டுவந்த மூட்டை ஒன்றும் உடையவராயிருந்தனர். தாலாட்டும் ஒப்பாரியும், தெம்மாங்கும் கும்மியும், அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கர் கதையும் அம்மூட்டையுள் அடங்கும்.

தோட்டத்தின் நாளும் ஒலியினாலேயே தொடங்கியது. விடியுமுன் தப்படித்துத் தொழிலாளரைப் பெரட்டுக்களத்துக்கு அழைத்தனர். அதே தப்பு திருமணத்தில் ஓர் அடியும், இழவில் வேறோர் அடியும், திருவிழாவில் மற்றோர் அடியுமாக ஒலித்தது. லயத்துக்குள் இருந்தவர், கதவைத் திறவாமலே, வெளியில் நிகழ்வது யாதென்பதைத் தப்பின் அடியால் அறிந்தனர். ஒலி அங்கே பொழுதுபோக்கு மட்டுமன்று, செய்தியும் ஆகும்.

இவற்றுள் எல்லாம் தலையாயது காமன் கூத்து. மாசி அமாவாசையை அடுத்துக் கம்பம் ஊன்றி, இரதியும் மன்மதனும் வேடந்தரித்து லயந்தோறும் சென்று ஆடி, இறுதியில் இரவு முழுதும் கூத்து நிகழ்த்திக் காமனை எரிப்பர். இக்கூத்துக்கு மேடை இல்லை. காமன் பொட்டலின் நடுவே ஆட்டம் நிகழும். மக்கள் சுற்றி நிற்பர். தப்படிப்போர் ஒரு புறம், பாடுவோர் ஒரு புறம், குரவையிடும் பெண்கள் ஒரு புறம், எதிர்மலையில் மோதித் திரும்பும் எதிரொலி ஒரு புறம். நடுவில் நிற்கும் சிறுவனுக்கு இசை முன்னிருந்து மட்டும் வருவதில்லை, எத்திக்கிலிருந்தும் வருகின்றது. இன்றைய பொறியியலார் ஐந்து ஒலிபெருக்கிகளையும் ஏழு ஒலிபெருக்கிகளையும் கொண்டு ஓர் அறையுள் ஆக்க முயலும் அனுபவம், மலைநாட்டுத் தொழிலாளிக்கு ஆண்டுதோறும் மாசி மாதத்தில் இயல்பாகவே கிடைத்தது என்பது ஈண்டு மனங்கொள்ளத் தக்கது.

சாவி கொடுத்த பெட்டி

எடிசனின் உருளைக்குப் பதிலாகத் தட்டையான தட்டினை 1887இல் எமில் பெர்லினர் கண்டார். ஒரு தட்டிலிருந்து அச்செடுத்து ஆயிரம் தட்டுகள் செய்ய முடிந்தமையால் இசை விற்பனைப் பொருளாயிற்று. 1902இல் பிரெட் கெய்ஸ்பேர்க் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜான் முதலியோரின் பாடல்களைப் பதிவு செய்தார். தென்னகமும் விரைவிற் பின்தொடர்ந்தது. 1920களிலும் 1930களிலும் தமிழ் இசைத்தட்டுகள் பெருகின. நாடக மேடையிற் புகழ்பெற்ற எஸ். ஜி. கிட்டப்பாவும், இலங்கை மேடைகளிலும் பாடிய கே. பி. சுந்தராம்பாளும் தட்டுகளின் வாயிலாகத் தாம் காணாத ஊர்களிலும் ஒலித்தனர். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் நாதசுரத் தோடி, தட்டின் வாயிலாகவே தமிழர் வாழும் இடமெங்கும் பரவியது.

அரக்குத் தட்டு நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழன்றது. 10 அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ 3 நிமிடமே பாடியது. ஒரு மணிநேரம் விரியவேண்டிய இராகம் அந்த 3 நிமிடத்துள் ஒடுங்க வேண்டியதாயிற்று. தட்டின் அளவு பாட்டின் அளவை மாற்றியது. 1925 வரை மின்சாரம் பதிவிற் கலக்கவில்லை. பாடகர் ஒரு கூம்பினுள் வாயை வைத்துப் பாட, அவ்வதிர்வே நேராக ஊசியை அசைத்தது. 1925இல் ஒலிவாங்கியும் மின்பெருக்கியும் புகுந்தபின், தாழ்ந்த குரலும் மெல்லிய சுருதியும் தட்டில் ஏறலாயின.

ஆனால் மலைநாட்டை நோக்குமிடத்து இதனினும் முக்கியமான உண்மை ஒன்றுண்டு. அக்காலத்துக் கிராமபோனை இயக்க மின்சாரம் வேண்டியதில்லை. சாவி கொடுத்தாற் போதும். உள்ளிருக்கும் வில் தட்டைச் சுழற்றும். கூம்பு ஒலியைப் பெருக்கும். அதனை வாங்கும் வசதி துரைமார் பங்களாக்களுக்கும் கழகங்களுக்கும், பெரியகங்காணிமாருக்கும் கடைக்காரருக்குமே இருந்தது. எனினும், வாங்கியவன் எவனாயினும் கேட்டோர் பலர். லயம் என்பது ஒரே கூரையின்கீழ் வரிசையாக அமைந்த காம்பராக்கள். ஒரு சுவரை இரு குடும்பங்கள் பகிர்ந்தன. ஒரு காம்பராவில் வைத்த தட்டு அடுத்த காம்பராவிலும் பாடியது. தனித்திருந்து இசை கேட்கும் பழக்கம் அங்கே உருவாக இடமில்லை. பங்களாவில் இருந்த கிராமபோனும் கடைவீதியில் இருந்த கிராமபோனும் ஒரே வகை வில்லினால் இயங்கின. ஒரே வகை ஊசியினால் பாடின. வசதியில் வேறுபாடு இருந்தது. ஒலியின் தரத்தில் இருந்த வேறுபாடு சிறிது. இந்நிலை நெடுநாள் நீடிக்கவில்லை.

வானொலியும் மின்சாரமும்

இலங்கையின் ஒலிபரப்புத் தந்தை எனப்படும் எட்வேர்ட் ஹார்ப்பர், தந்தித் திணைக்களத்தின் தலைமைப் பொறியியலாளராக வந்து, சோதனை ஒலிபரப்புகளைத் தொடங்கினார். முதல் உலகப் போரிற் பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிக் கருவிகளைக் கொண்டே அவருடைய அஞ்சற்கருவி அமைக்கப்பட்டது என்பர். அச்சோதனைகளில் வான்வழியாக அனுப்பப்பட்டது கிராமபோன் இசையே. 1925 டிசெம்பர் 16ஆம் நாள் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கிவைக்கப்பட்டது. 1949இல் அது ரேடியோ சிலோன் ஆயிற்று. 1950இல் வர்த்தக சேவையும் தொடங்கியது. இந்திய வானொலி 1950களில் திரையிசையை ஒதுக்கியிருந்த வேளையில், கொழும்பிலிருந்து வந்த தமிழ்த் திரைப்பாடல்களுக்காகத் தமிழகமே காத்திருந்தது. எஸ். பி. மயில்வாகனன் போன்ற அறிவிப்பாளரின் குரல் கடலுக்கு இருபுறமும் வீட்டுக் குரலாயிற்று.

வெற்றிடக் குழாய்களால் இயங்கிய வானொலிப் பெட்டிக்கு மின்சாரமோ, கனத்த மின்கலங்களோ வேண்டும். இங்கேதான் டிக்கோயாவின் வரலாறு வேதனையான ஒரு முரணைக் காட்டுகின்றது. 1918இல் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர, மலைநாட்டு ஆறுகளிலிருந்து நாட்டுக்கு மின்சாரம் எடுக்கலாம் என்று கட்டுரை வாயிலாக நிறுவினார். பல தடைகளின் பின் 1950இல் இலக்சபானா மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. 1965இல் கெகல்கமு ஓயாவுக்குக் குறுக்கே காசல்ரீ அணை எழுந்து, பள்ளத்தாக்கின் தாழ்நிலங்களை நீர் மூடியது. தேயிலை மலைகளின் அடிவாரத்திலே பிறந்த மின்சாரம் கம்பி வழியாகக் கொழும்புக்குச் சென்றது. அக்கம்பிகள் சென்ற மலைச்சரிவுகளில் இருந்த லயக் காம்பராக்களிலோ மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. பல பத்தாண்டுகள் கழித்தே, தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபட்ட காலங்களில், அங்கு மின்னிணைப்பு வந்தது.

இதன் விளைவு யாது? உலகில் இல்லத்து ஒலிக்கருவி மிக விரைந்து முன்னேறிய காலம் அதுவேயாகும். 1948இல் நிமிடத்துக்கு 33⅓ சுற்றுச் சுழலும் நெடுந்தட்டு வந்தது. ஒரு பக்கம் 20 நிமிடத்துக்கு மேல் பாடியது. 1950களில் மேல்நாட்டு இல்லங்களில் தரமான பெருக்கியும் ஒலிபெருக்கியும் தனித்தனியாக வைத்துக் கேட்கும் வழக்கம் பரவியது. 1958 அளவில் ஸ்டீரியோத் தட்டு கடைக்கு வந்தது. இவை யாவும் சுவரில் மின்துளை இருப்பதை எடுத்துக்கொண்டே பேசின. சாவி கொடுத்த பெட்டியின் காலத்தில் அருகருகே நின்ற பங்களாவும் லயமும், மின்சாரப் பெட்டியின் காலத்தில் வெகுதூரம் விலகின. பின்னர் மின்கலத்தால் இயங்கும் டிரான்சிஸ்டர் வானொலியும், 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஒலிநாடாப் பேழையும், மத்திய கிழக்கில் உழைக்கச் சென்றோர் கொண்டுவந்த நாடாக் கருவியும் லயத்துக்கு இசையை மீட்டுத் தந்தன. ஆனால் சின்னஞ்சிறு ஒலிபெருக்கியினூடே வந்த அவ்விசை எட்டியதேயன்றி நிறையவில்லை.

சூழொலி பிறந்த கதை

இரு செவிகள் இருப்பதாலேயே மனிதன் ஒலியின் திசையை அறிகின்றான். வலப்புறத்து ஒலி வலச்செவியை முந்தி அடைகின்றது. இடச்செவியை அடைய ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம் பிந்துகின்றது. தலையின் மறைப்பால் சற்று மெலிந்தும் சேர்கின்றது. இச்சிறு வேறுபாட்டை மூளை அளந்து திசையைத் தீர்மானிக்கின்றது. 1881இல் பாரிஸ் மின்கண்காட்சியிலே கிளெமோன் அடேர், இசையரங்கின் மேடையில் வைத்த ஒலிவாங்கிகளை இரு தொலைபேசிக் குழல்களோடு இணைத்து, இரு செவியாலும் கேட்கச் செய்தார். இசை மேடையில் இடமும் வலமும் நகர்வதைக் கேட்டோர் வியந்தனர்.

இதனை அறிவியலாக்கியவர் ஆங்கிலப் பொறியியலாளர் அலன் புளூம்லைன். திரையரங்கொன்றில் நடிகன் திரையின் ஒரு மூலையில் நிற்க, குரல் வேறோரிடத்திலிருந்து வருவதைக் கண்டு மனங்கொள்ளாது இதனை ஆராயத் தலைப்பட்டார் என்று சொல்லப்படுகின்றது. 1931இல் அவர் விண்ணப்பித்த உரிமைப்பத்திரத்திலே, ஒரே பள்ளத்தின் இரு சுவர்களிலும் இரு வரிசைகளைப் பொறிக்கும் முறையும் அடங்கியிருந்தது. அவர் 1942இல் விமானச் சோதனையொன்றில் மாண்டார். அவர் கண்ட முறை 16 ஆண்டுகள் கழித்தே இல்லங்களை எட்டியது. தமிழ்த் திரையுலகில், 1978இல் வெளியான 'பிரியா' படத்துக்கு இளையராஜா அமைத்த பாடல்களே முதன்முதலில் ஸ்டீரியோ முறையிற் பதிவானவை என்பர்.

முன்னிரண்டு போதாதெனப் பின்னும் இரண்டு ஒலிபெருக்கிகளை வைக்கும் நாற்புற ஒலி 1970களில் விற்பனைக்கு வந்து தோற்றது. நிறுவனத்துக்கு ஒரு முறை என வந்தமையால், ஒருவரது தட்டு மற்றவரது கருவியில் முறையாகப் பாடவில்லை. பொறியியல் வென்றும் வணிகம் வீழ்த்திய முயற்சி அது. பின்னர்த் திரையரங்குகளின் வழியாகவே சூழொலி மீண்டது. முன்னே மூன்று, பின்பக்கங்களில் இரண்டு, தாழொலிக்கு ஒன்று என்னும் அமைப்பு 1990களில் இல்லத்துக்கு வந்தது. 1999இல் வந்த சூப்பர் ஓடியோ சீடியும், 2000இல் வந்த டிவிடி ஓடியோவும் நுண்துல்லியத்தையும் சூழொலியையும் ஒரே தட்டில் இணைத்தன. 2012இல் திரையரங்குக்கு வந்த டொல்பி அட்மொஸ் தலைக்கு மேலும் ஒலிபெருக்கிகளை ஏற்றியது. 2021 முதல் அம்முறையில் அமைந்த பாடல்கள் கைப்பேசியிலும் செவிக்குழலிலும் பெருவழக்காகியுள்ளன.

நுண்மையின் எல்லை

எண்முறை ஒலிப்பதிவு என்பது ஒலியலையை விநாடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து எண்களாகக் குறித்து வைப்பதாகும். 1982இல் வந்த சீடி, விநாடிக்கு 44,100 முறை அளந்தது. ஒவ்வோர் அளவையும் 65,536 படிகளுள் ஒன்றாகக் குறித்தது. இது 16 பிற்று எனப்படும். ஒலியின் மிக உயர்ந்த அதிர்வைப் போல் இருமடங்குக்கு மேல் அளந்தால் மூல அலையை முழுமையாக மீட்கலாம் என்பது நைக்விஸ்ற், சனன் ஆகியோர் நிறுவிய உண்மை. இளைஞனின் செவியும் விநாடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுக்கு மேல் கேளாது. முதுமையில் அவ்வெல்லை இன்னும் தாழும். ஆதலின் சீடியின் அளவு செவிக்கு ஈடு கொடுப்பதே. நுண்துல்லியப் பதிவோ விநாடிக்கு 96,000 அல்லது 192,000 முறை அளந்து, 24 பிற்றில் 1,67,77,216 படிகளாகக் குறிக்கின்றது.

இவ்வேறுபாடு செவிக்குத் தெரியுமா? 2007இல் அமெரிக்காவில் மேயர், மோரன் என்னும் இருவர், நுண்துல்லியத் தட்டின் ஒலியையும், அதனையே சீடியின் அளவுக்குக் குறைத்த ஒலியையும், எது எதுவெனச் சொல்லாமல் கேட்பித்த ஆய்வை வெளியிட்டனர். 554 சோதனைகளில் சரியாக இனங்கண்டவை 276. அதாவது நாணயம் சுண்டிப் பார்த்ததை ஒத்த விளைவு. 2016இல் இலண்டனில் யோசுவா றீஸ் பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, வேறுபாட்டை உணரும் ஆற்றல் மிகச் சிறிதாயினும் உண்டு என்றும், பயிற்சி பெற்றோரிடம் அது கூடுதலென்றும் முடிவு கூறினார். இரண்டையும் சேர்த்து நோக்குவோர் ஒன்றை அறிவர்: கேட்பதற்கு மட்டுமே எனின், நுண்துல்லியம் தரும் ஊதியம் சொற்பம்.

எனின், அது வீணா? அன்று. அதன் உண்மைப் பயன் கேட்கும் இடத்தினும் பதியும் இடத்திலேயே உள்ளது. அமைதியான அறையின் ஒலி ஏறத்தாழ 30 டெசிபல். செவி நோகத் தொடங்கும் ஒலி ஏறத்தாழ 120. இடைப்பட்ட 90 டெசிபலை 16 பிற்றின் 96 டெசிபல் அடக்கிவிடும். ஆனால் பதிவு செய்வோன் அடுத்த கணம் வரப்போகும் ஒலியின் வலிமையை முன்னறியான். ஒப்பாரி சொல்லும் முதியவளின் அடைத்த குரல் ஒரு கணம். தீயிற் காய்ச்சி இறுக்கிய தப்பின்மேல் மெல்லிய குச்சி விழும் வெடிப்பு மறுகணம். தப்புக்கு ஏற்ப அளவைத் தாழ்த்தினால் குரல் இரைச்சலுள் அமிழும். குரலுக்கேற்ப உயர்த்தினால் தப்பின் ஒலி உச்சியில் வெட்டுண்டு சிதையும். 24 பிற்றுப் பதிவு கோட்பாட்டளவில் 144 டெசிபல் வரை இடந்தருவதால், இரண்டையும் ஒருங்கே காக்கும்.

சூழொலிக்கும் இதுவே பொருந்தும். சபையில் நிகழும் கச்சேரிக்கு முன்னிரண்டு ஒலிபெருக்கிகள் பெரிதும் போதும். பாடகர் முன்னேதான் இருக்கின்றார். கேட்போரைச் சூழ்ந்து நிகழும் காமன் கூத்துக்கும், வீதியின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நாதசுரம் நகர்ந்து செல்லும் சுவாமி வீதியுலாவுக்குமே சூழொலி உண்மையில் வேண்டப்படுவது. 1970களிலே இங்கிலாந்தில் மைக்கேல் கேர்சன் முதலியோர், நான்கு ஒலிவாங்கிகளை நான்முகி வடிவில் ஒருங்கமைத்து, ஓரிடத்தைச் சூழ்ந்த ஒலி முழுவதையும் ஒரே கருவியாற் பதியும் வழியைக் கண்டனர். அம்முறையின் வழிவந்த பதிகருவிகள் இன்று கையில் ஏந்தத்தக்க அளவில் விற்கப்படுகின்றன.

பத்தடிக்குப் பன்னிரண்டடி

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, ஆடலரங்கின் அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல் என வரையறுத்துக் கூறும். இசைக்கு இடமும் ஓர் உறுப்பு என்பதைத் தமிழர் பண்டே அறிந்திருந்தனர். லயத்துக் காம்பராவின் அளவோ பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி. இதனை வகுத்தவர் செவியை எண்ணி வகுத்தாரல்லர். செலவை எண்ணி வகுத்தனர்.

சிற்றறையில் தாழ்ந்த ஒலிகள் சுவருக்குச் சுவர் மோதி, சில அதிர்வுகளில் மட்டும் தேங்கி நின்று முழங்கும். 12 அடி நீளத்தில் அது விநாடிக்கு ஏறத்தாழ 47 அதிர்விலும், 10 அடி அகலத்தில் ஏறத்தாழ 56 அதிர்விலும் தொடங்கும். தவிலின் தொப்பியும் திரையிசையின் தாழ்நாதமும் அங்கே தெளிவின்றிக் கும்மென்றொலிப்பது இதனாலேயே. சூழொலி அமைப்பின் விதிப்படி, கேட்போனை நடுவிருத்தி, முன்னிரண்டு ஒலிபெருக்கிகளை இருபுறமும் 30 பாகையிலும், பின்னிரண்டை 100 முதல் 120 பாகைக்குள்ளும், யாவற்றையும் சமதூரத்தில் வைத்தல் வேண்டும். உணவும் உறக்கமும் படிப்பும் ஒரே அறையில் நிகழும் குடும்பத்துக்கு அந்நடுவிடம் எங்கே? போதாக்குறைக்கு, தென்மேற்குப் பருவமழை தகரக் கூரையில் இறங்கும் மாதங்களில், எந்த நுண்மையும் அம்முழக்கத்துள் மறைந்துபோகும். அடுத்த காம்பராவில் உறங்குவோரையும் எண்ண வேண்டும்.

இதனால், டிக்கோயாவின் இளைஞர் இன்று சூழொலியைக் கேட்பது பெரும்பாலும் கைப்பேசியோடு இணைத்த செவிக்குழலினூடாகவே. இரு செவிக்கும் தனித்தனியே கணித்து அனுப்பப்படும் ஒலி, அறை இல்லாமலே அறையொன்றை மூளைக்குள் கட்டுகின்றது. ஒரு தட்டை ஒரு லயமே கேட்ட காலம் போய், ஒரு காம்பராவில் நால்வர் நான்கு இசையைக் கேட்கும் காலம் வந்துள்ளது. லாபமும் உண்டு, இழப்பும் உண்டு.

மீட்கப்பட வேண்டிய ஒலி

மேற்கூறியவற்றால் விளங்குவது ஒன்று. ஒலிக்கருவி எத்துணை உயர்ந்ததாயினும், பதிவில் இல்லாததை அது மீட்டுத் தராது. பதிவின் வரலாறு, எவருடைய ஒலி பதியத்தக்கது என்று ஒவ்வொரு காலமும் செய்த தீர்ப்பின் வரலாறும் ஆகும்.

அங்கேரியில் பேலா பார்ட்டொக் 1906 அளவிலேயே எடிசன் கருவியைத் தூக்கிக்கொண்டு சிற்றூர்தோறும் நடந்து, உழவர் பாடல்களை உருளைகளிற் பதிந்தார். இரைச்சல் மிகுந்த அவ்வுருளைகளே இன்று அந்நாட்டின் செல்வம். மலைநாட்டிலும் பாடல்களைப் பேணிய பெரியோர் இருந்தனர். ஹட்டனை நிலைக்களமாகக் கொண்டு தொழிற்சங்கம் வளர்த்த கோ. நடேசையரின் துணைவியார் மீனாட்சியம்மை, தொழிலாளர் துயரைப் பாடல்களாக்கிக் கூட்டங்களிற் பாடியும் அச்சிட்டும் பரப்பினார். மலைநாட்டிற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, தம் வாழ்நாளெல்லாம் கேட்டுத் தொகுத்த நாட்டார் பாடல்களை 1983இல் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என நூலாக்கினார். அவர் மறைந்தது 1984இல். ஓராண்டு தாமதித்திருப்பின் அந்நூலை அவர் கண்டிரார். நூல் பாடலின் சொல்லைக் காத்தது. ஆனால் தாலாட்டில் தாய் மூச்சு வாங்கும் இடம், ஒப்பாரியில் குரல் உடையும் இடம், தப்பின் அடி மாறும் கணம் ஆகியன எழுத்தில் ஏறுவனவல்ல.

பாடியவரும் ஓரிடத்தில் இருக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவரை நாடற்றோராக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் கையொப்பமான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமெனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றி 1974இல் வேறோர் உடன்பாடு எழுந்தது. மலைநாட்டிலிருந்து தலைமன்னார் நோக்கிச் சென்ற புகைவண்டியை மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றே நினைவிற் கொண்டனர். அண்ணன் கூடலூரிலும் தம்பி டிக்கோயாவிலுமாகக் குடும்பங்கள் பிரிந்தன. ஒரே பாட்டின் முன்னடி அறிந்தவர் நீலகிரியிலும் பின்னடி அறிந்தவர் மலைநாட்டிலுமாக ஆயினர். அன்று காமன் பொட்டலிற் சிறுவராய் நின்றோர் இன்று முதியோராகிவிட்டனர்.

நுண்துல்லிய ஒலியையும் சூழொலியையும் செல்வர் வீட்டு வேடிக்கை என்று ஒதுக்குவோரும் உளர். விலையுயர்ந்த பெட்டியை வாங்கி வைத்துவிட்டால் இசை தானே வந்துவிடும் என்று மயங்குவோரும் உளர். வரலாறு இருவர்க்கும் விடை கூறுகின்றது. இக்கருவிகள் செவிக்குத் தரும் பயன் சிறிது. நினைவுக்குத் தரும் பயன் பெரிது. 1920களில் ஒரு குரலைத் தட்டிலேற்றக் கம்பெனியொன்று மனம் வைக்க வேண்டியிருந்தது. இன்றோ, ஒரு பாடசாலையின் தமிழ் மன்றமோ ஓர் ஊரின் வாசிகசாலையோ மனம் வைத்தாற் போதும். மாசி மாதத்தில் ஒரு பொட்டலின் நடுவே நான்முக ஒலிவாங்கியொன்றை நிறுத்தி, ஓரிரவு விழித்திருந்து, பாடியவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் நாளையும் குறித்து, பாடியவர் இசைவோடு பேணிவைத்தால், அது பல நூல்கள் செய்யாததைச் செய்யும்.

காசல்ரீ நீரிலிருந்து பிறந்த ஒளி, அதன் கரையில் வாழ்ந்தோரை வந்தடைய நெடுங்காலம் பிடித்தது. அவருடைய ஒலியும் அவ்வாறு பிந்துமாயின், மீட்பதற்குக் கருவி இருக்கும். பாடுவதற்குக் குரல் இராது.